நடக்க விடாத ஊர்

திருத்தங்கலில் எங்கள் தெருக்காரர்களில் ஊர்க்காவலன் அண்ணனின் குட்டியானையில் ஏறாதவர்கள் யாருமில்லை. அந்தச் சின்ன லோடு வண்டியில் பதினைந்து வருஷம் பிரஸ்களுக்குக் காலண்டர் ஏற்றியவர். வழியில் ஒருத்தர் நடந்து போனால் அவருக்குப் பொறுக்காது, நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஒரு தடவை ஒரு பெரியவரை அவர் ஓட்டி வந்த ஆட்டுக்கிடாயோடு சேர்த்து ஏற்றி வந்தார். "கால் எதுக்குலே இருக்கு? பிரேக் மிதிக்கத்தான்" என்பார்.

ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. எல்லாம் சர்க்கரை செய்த வேலை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் விருதுநகரில் டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் கட்டில். இரண்டே மாதத்தில் தொடை சூம்பி, பஸ் படிக்கட்டில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. அவர் மனைவி அய்யம்மாள் மதினி பின்னால் நின்று இடுப்பில் கைகொடுத்துத் தள்ளினால்தான் ஏறுவார்.

அதற்காகவே மதினி விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் வாரம் மூன்று நாள் லீவு போட்டார். தீபாவளி சீசன் ஆரம்பித்திருந்த நேரம். ஆடி முடிவதற்குள் முழு வாரமும் வர ஆரம்பிக்காவிட்டால் வேறு ஆள் போடவேண்டியிருக்கும் என்று போர்மேன் சொல்லிவிட்டார். மதினி அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அது எப்படியோ அண்ணன் காதுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கே டயாலிசிஸ் நர்ஸ் பிரீத்திகாவிடம், தனியாகப் பஸ் ஏற என்ன வழி என்று கேட்டார். டயாலிசிஸ் என்றால் படுத்தே கிடக்கவேண்டும் என்று யார் சொன்னது என்று அந்தப் பிள்ளை சத்தம் போட்டது. தினமும் பத்து நிமிஷம் நடக்க வேண்டும், முடிய முடியக் கூட்ட வேண்டும், மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். டாக்டரும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலையில் அண்ணன் தெருவில் இறங்கினார். நூறு அடி போகவில்லை, ஒரு பைக் நின்றது. "ஏறுங்கண்ணே. முடியாத உடம்போட நடந்தா போறீக?" சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? கையைப் பிடித்து ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த நாளும் அதே கதை. பதினைந்து வருஷம் தங்களை ஏற்றிக்கொண்டு போனவரை நடக்க விட்டுவிட்டு எப்படிக் கடந்து போவது? மொத்த ஊரும் பாசத்தால் அவர் காலைக் கட்டிப்போட்டது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று தடவை ஏற்றியிருக்கிறேன். மூன்றாவது தடவை இறங்கும்போது, பாதிச் சாப்பாட்டில் இலையை உருவியவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மஞ்சள் வேட்டியும் கழுத்தில் மாலையுமாக வந்து நின்றார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாலை போட்டு நடக்கிறவரை வண்டியில் ஏறச் சொல்ல இந்தப் பக்கத்தில் எவனுக்கும் தைரியம் வராது. பைக்குகள் ஒதுங்கி வழிவிட்டன. அண்ணன் ராஜாவாட்டம் நடந்தார். முதலில் டீக்கடை வரை, பிறகு ரயில்வே கேட் வரை, அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரை. என்னிடம் மட்டும் குட்டை உடைத்தார். மாலை வெறும் தந்திரமாம், ஆடி கழிந்ததும் கழற்றிவிடுவாராம்.

அது எங்கள் இரண்டு பேரோடு அடங்கியிருக்கும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மதினியிடம் உளறிவிட்டேன். மதினிக்கு வந்ததே கோபம். "ஆத்தாகிட்டயேவா விளையாடுறீக? போட்டது போட்டாச்சு. கோயிலுக்கு நடந்து போய்த்தான் கழத்தணும்."

டாக்டரிடம் கேட்டார்கள். சாத்தூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம், டயாலிசிஸ் முடிந்த மறுநாளாக இருக்கட்டும், கூடவே ஆள் வேண்டும் என்றார். அப்படி ஆடிக் கடைசி ஞாயிறு மூவரும் கிளம்பினோம். போகும்போதும் மதினிதான் பஸ்ஸில் தள்ளி ஏற்றினார்.

வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் பானகமும் ஊற்றினார்கள். அண்ணனுக்கோ தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லி ஊற்றுகிறவர் மனசை நோகடிக்கவும் தெரியாது. ஒவ்வொரு பந்தலிலும் கும்பிட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். நடந்தது அவர், வயிறு நிறைந்தது எனக்கு. எட்டு இடத்தில் உட்கார்ந்தார். கோயில் வாசலை அடைந்தபோது உச்சி வெயில். மாலையைக் கழற்றினார். தந்திரம் பண்ணினதுக்கு மன்னிச்சிரு தாயி என்று சத்தமாகவே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே கூட்டம். மதினி வழக்கம்போல் அவர் பின்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினார். அண்ணன் கம்பியைப் பிடித்தார், காலை வைத்தார், ஏறிவிட்டார். மதினியின் கைகள் தள்ளுவதற்கு ஆளில்லாமல் அப்படியே நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னார்.

"செவ்வாக்கிழம நீங்களே போய்ட்டு வாங்க. நான் வேலைக்குப் போறேன்."