வேலப்பன் ஓட்டிய ஜானவாசக் கார்

திருவனந்தபுரத்தில் இருக்கும் எங்கள் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் கல்யாணத்துக்கு முந்தைய சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, கல்யாணம் நடக்கும் சமூக மடம் வரை ஊர்வலமாக அழைத்துப்போவார்கள். ஜானவாசம் என்று பெயர். மற்ற ஊர்களில் இதை மண்டப வாசலில் பத்து அடி நடத்திவைத்து முடித்துக்கொள்கிறார்களாம். இங்கே இன்னும் கார் வேண்டும். அந்தக் கார் எங்களுடையது. கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய மோரிஸ் மைனர், வெண்ணெய் நிறம். அப்பா அதை யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. தெரிந்தவர்கள் கேட்டால் கொடுப்பார். ஓட்டுவது வேலப்பன் மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

வேலப்பனுக்கு ஊர் தக்கலை. இளவயதில் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர். சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் ஒரு பைப் கடையின் டெம்போவை ஓட்டுகிறார். மனைவி இசக்கிசெல்வி கிழக்கேகோட்டையில் பூக்கட்டுகிறார். காருக்கான மாலையும் அவர் கட்டுவதுதான். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மட்டும் வேலப்பன் மூன்று மணிக்குக் கடையில் சொல்லிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வருவார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்.

பார்ப்பவர்களுக்கு அது சுலபமான வேலை. மனிதர் நடக்கிற வேகத்தில் முக்கால் மணி நேரம் உருட்டவேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் காரில் இருப்பது பழைய காலத்து டைனமோ. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது பாட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது. விளக்குகளோ குடித்துக்கொண்டே இருக்கும். ஊர்வலத்துக்கு நடுவில் பாட்டரி செத்து, வண்டி நின்று, மாப்பிள்ளையோடு தள்ளவேண்டி வந்தால் அதை அபசகுனம் என்பார்கள். பிறகு அந்தத் தம்பதிக்குள் எந்தச் சண்டை வந்தாலும் பேச்சு காரில் போய்த்தான் முடியும்.

வேலப்பன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நாதஸ்வரக்காரர் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று ராகத்தை இழுக்கும்போது, இவர் கியரை நியூட்ரலில் போட்டு, டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு அணைகிறவரை ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அந்த விளக்கு அணைந்தால் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். ராகம் முடியும்போது காலை எடுத்துவிடுவார். வேலப்பன் தனக்குச் சுருதி போடுகிறார் என்று நாதஸ்வரக்காரர் கேலி செய்வதுண்டு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வண்டி நின்றதில்லை. அவர் கூலியைப் பற்றி அதிகம் பேசி நான் கேட்டதில்லை. "நான் ஓட்டின வண்டி நிக்காது" என்பதை மட்டும் டீக்கடையிலும் சொல்வார், கோயில் வாசலிலும் சொல்வார்.

போன வருடம் ஐப்பசியில் நான் வீடு திரும்பினேன். ஐந்து வருடம் வெளியே இருந்திருந்தேன். ஜார்ஜியாவில் ஒரு விடுதியின் சமையலறை, போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டம், கடைசியாக வியட்நாமில் பைக் வாடகைக் கடை. திரும்பிவந்த பிறகு கையும் காலும் சும்மா இருக்கவில்லை. ஷெட்டில் புகுந்தேன். காரின் எல்லா வெளிவிளக்குகளையும் எல்இடியாக மாற்றிவிடவேண்டும் என்று தோன்றியது. பழைய பிரேக் லைட் பல்பு இருபத்தொரு வாட் தின்றது. எல்இடிக்கு மூன்று போதும். பாட்டரிக் கவலையே இருக்காது. பழைய வண்டியின் முகம் கெடக்கூடாது என்று மஞ்சள் சாயல் உள்ள பல்புகளாகத் தேடி வாங்கினேன்.

வேலப்பன் அவற்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். நல்ல காரியம்தான் என்றார். ஆனால் தை மாதத்தில் பார்வதியம்மாள் வீட்டுக் கல்யாணம் வருகிறது, அது முடியட்டும், பிறகு கரமனையிலிருந்து எலக்ட்ரீஷியன் மஹேஷை வரவழைத்து மாட்டலாம் என்று சொன்னார். பல்பு மாற்றுவதற்கு எலக்ட்ரீஷியன் எதற்கு என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

ஜானவாசத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, நானே எல்லாவற்றையும் மாட்டினேன். ஒன்றும் எரியவில்லை. பழைய பல்பைத் திரும்பப் போட்டால் எரிந்தது. இணையத்தில் தேடினேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் பிளஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு இணைத்திருப்பார்களாம். இன்றைய வண்டிகளில் மைனஸ். சாதாரண பல்புக்கு இரண்டும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியில்லை. பழைய கார்க்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தில், பாட்டரிக் கேபிள்களை இடம் மாற்றிவிட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, மாற்றியதும் டைனமோவையும் புதிய திசைக்குப் பழக்கவேண்டும், பழக்காமல் ஓட்டினால் தீப்பிடிக்கும் என்று அவரே எழுதியிருந்தார். அன்று நான் அதுவரை படிக்கவில்லை, எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் படித்தேன்.

பிளஸ் முனை கொஞ்சம் தடிமன். மைனஸ் கேபிளின் கிளாம்பு அதில் ஏறவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினேன். அப்போதாவது யோசித்திருக்கலாம்.

எல்லா விளக்குகளும் எரிந்தன. அப்பா வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் திரும்பிவந்ததிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். படம் எடுத்து வேலப்பனுக்கு அனுப்பினேன். அவர் குரல் பதிவாகப் பதில் அனுப்பினார்.

"நல்லா இருக்கு பாப்பா. பல்பு மட்டும்தான் மாத்துனியளா, வேற எதையும் தொட்டியளா?"

பல்பு மட்டும்தான் என்று எழுதினேன். கேபிளைப் பற்றிச் சொன்னால் மஹேஷைக் கூப்பிடலாம் என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தாமதமாக வந்தார். கழக்கூட்டத்தில் பைப் இறக்கிவிட்டு வரும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். சட்டை மாற்றவே நேரம் சரியாக இருந்தது. வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் கையை வைத்தார். தண்ணீர், ஆயில், பாட்டரி எல்லாம் நான் பார்த்துவிட்டேன், நேரமாகிறது, கிளம்புங்கள் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஊர்வலம் ஆரம்பிக்கும் பிள்ளையார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, இறக்கத்தில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டி உருண்டு போய்விட்டது. மாப்பிள்ளை வினீத் ஏறி உட்கார்ந்தான். நாதஸ்வரம் புறப்பட்டது. சந்தி வேளையில் அந்த விளக்குகள் உண்மையிலேயே அழகாக இருந்தன. நான் பின்னால் நடந்தபடி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வீட்டு வாசலில் நாதஸ்வரக்காரர் நின்றார். வேலப்பன் வழக்கம்போல நியூட்ரலில் போட்டு மிதித்தார். சிவப்பு விளக்கு அணையவில்லை, இன்னும் பிரகாசமாயிற்று. அது அவர் பிறகு சொல்லித் தெரிந்தது. சார்ஜ் போதவில்லை என்று நினைத்து இன்னும் மிதித்திருக்கிறார். பழக்காமல் விட்ட டைனமோவும் திருப்பி வைத்த பாட்டரியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பானெட் இடுக்கிலிருந்து கறுப்புப் புகை வந்தது. வயர் கருகும் நாற்றம் தெருவெல்லாம் பரவியது. வினீத் மாலையோடு கீழே குதித்தான். வேலப்பன் ஓடிவந்து பானெட்டைத் தூக்கி, வெறும் கையால் பாட்டரிக் கேபிளைப் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கை வெந்துபோனது.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. பார்வதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெண்ணைப் பெற்றவர் அவர். கார் ஏற்பாடு அவருடையது. அவருடைய தம்பிதான் முன்னால் வந்தார்.

"வாயை ஊது" என்றார்.

வேலப்பனுக்குப் புரியவில்லை.

"வாயை ஊதுன்னு சொன்னேன். குடிச்சிருக்கியா இல்லையான்னு தெரியணுமோல்லியோ?"

வேலப்பன் குடிப்பதில்லை. தெருவுக்கே தெரியும். அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கருகிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, பந்தியில் பிரதமன் பாயசம் விளம்ப வந்த பையன்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஊதினார்.

"வாடை இல்லை" என்றார் தம்பி. அதையும் ஒரு குறையாகத்தான் சொன்னார். "பின்னே என்ன, வண்டியைப் பாக்காம எடுத்தியா?"

"பாக்கேல்ல. எனக்கத் தப்புதான்" என்றார் வேலப்பன்.

நான் ஏழெட்டு அடி தள்ளி நின்றிருந்தேன். போன் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மாற்றினேன் என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? வினீத் மடம் வரை நடந்தே போனான். எல்லோரும் அவனோடு போய்விட்டார்கள். நானும் அப்பாவும் நாலு பேரும் காரை வீட்டுக்குத் தள்ளினோம். ஜானவாசம் முடிந்ததும் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்காக அப்பா மடத்துக்குப் போன பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பாட்டரியைத் திருப்பி, கேபிள்களைப் பழைய முனைகளில் மாட்டி, கிளாம்பைச் சுத்தியால் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். எல்இடிகளைக் கழற்றிப் பழைய பல்புகளைப் போட்டேன். மறுவாரம் மஹேஷ் வந்து டைனமோவோடு சேர்ந்த ரெகுலேட்டர் பெட்டி கருகியிருப்பதைப் பார்த்துவிட்டு, டிரைவர் அளவுக்கு மீறி மிதித்திருக்கிறார் என்றான். அப்பா தலையாட்டினார். அடுத்த முகூர்த்தத்துக்குக் கேட்டவர்களிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"வேலப்பனுக்கு வயசாயிடுத்து ஆக்கும். பாவம்" என்றார் என்னிடம். நாற்பத்தேழு வயது.

பதினோரு நாள் அப்படியே போயிற்று. பன்னிரண்டாம் நாள் கிழக்கேகோட்டையில் பூ வாங்கப் போனேன். இசக்கிசெல்வியின் கடையைத் தாண்டிப்போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அவர் கூப்பிட்டார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அப்பா சௌக்கியமா என்று கேட்டு, முழம் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அவிய இப்பம் டெம்போ எடுக்கணும்னாகூட மூணு தடவ பானெட்ட தொறந்து பாக்காவ, பாப்பா. மேட்டுல மிதிக்கணும்னா காலு விறைக்குதாம். இருவது வருசம் ஓட்டுன காலு. எனக்குச் செவப்பு லைட்ட பாக்கத் தெரியாம போச்சேன்னு ஒறக்கத்துல பேசுதாவ. வேற வேல பாக்கலாமான்னு கேக்காவ."

அவர் தந்த பூவை வாங்கிக்கொண்டு நேராகச் சாலைக் கம்போளத்துக்கு நடந்தேன். வேலப்பன் கடை வாசலில் டெம்போவின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேபிள், அவர் கேட்டபோது சொன்ன பொய், பானெட்டைத் திறக்க விடாதது, பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்தது. கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

 அவர் தன் வலது காலைப் பார்த்தார்.

"அப்பம் நான் மிதிச்சதுனால இல்ல."

"இல்லை, வேலப்பண்ணா. சரியா இணைச்சிருந்தா எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"செவப்பு லைட்டு கூடுனதும் அதுனாலதானா?"

"அதனாலதான்."

அவர் மூச்சை விட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவருக்கு என் நினைப்பே இல்லை. டைனமோவை எப்படிப் பழக்குவது என்று கேட்டார். படித்ததைச் சொன்னேன். ஒரு வயரை ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும் என்றேன். "அவ்வளவுதானா" என்றார். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஊதும்பம் நீங்க அங்கதான நின்னிய?"

ஆமாம் என்றேன்.

அவர் எழுந்து டெம்போவில் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். வேலப்பனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம், ஆனால் வெளியே யாரிடமும் மூச்சுவிடவேண்டாம் என்றார். போனது போகட்டும், தன் பெண்ணின் பெயர் தெருவில் அடிபடவேண்டாம் என்பது அவர் கணக்கு. வேலப்பனின் பெயர் அங்கேதான் கிடந்தது என்று நான் சொன்னேன். 

மறுநாள் பார்வதியம்மாள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கல்யாணப் பாத்திரங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் அடுக்கியிருந்தன. அவர் முழுவதையும் கேட்டார்.

"என் தம்பி அவனை ஊதச் சொன்னப்போ நான் தடுத்திருக்கணும். அன்னியிலேருந்து அதுதான் நெஞ்சை அறுத்துண்டிருக்கு" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியும். நீ எப்படி நின்னுண்டிருந்தே?"

 

அவர் தன் தம்பியைக் கூப்பிட்டு, என்னை மறுபடியும் சொல்லவைத்தார். தம்பி கேட்டுவிட்டு, தப்பு என்னுடையது என்றால் நான் போய் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். தான் கேட்டது வெறும் கேள்விதானாம். நாலு பேர் ஏறும் வண்டிக்கு யாரும் அதைக் கேட்பார்களாம்.

மாசி முகூர்த்தத்துக்கு வேலப்பனை அழைக்க நான்தான் போனேன். காரை மஹேஷ் சரிசெய்துவிட்டான். இந்தத் தடவை முறைப்படி எல்லாவற்றையும் திருப்பி, டைனமோவையும் பழக்கி, எல்இடிகளை மாட்டியிருந்தான். வேலப்பன் ஷெட்டுக்கு வந்தார். பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பார்த்தார், கால் விறைக்கவில்லை. விளக்குகள் நன்றாக இருக்கின்றன என்று மனமாரச் சொன்னார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"வண்டி மேல எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. உங்க மேலயும் இருந்துச்சு, கொறஞ்சிட்டு. ஆனா அந்தத் தெருவுல நான் ஓட்டமாட்டேன். ஊதச் சொன்னவரு அதே எடத்துல வந்து நின்னு, வேலப்பா, உன்ன அப்படிக் கேட்டது தப்புன்னு சொல்லட்டும். அன்னைக்கு வாறேன்."

வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த மாப்பிள்ளை வாடகைக் காரில் போனான்.

பார்வதியம்மாளின் தம்பி வீட்டுக்கு நான் இதுவரை ஆறு தடவை போய்விட்டேன். முதல் தடவை காபி கொடுத்தார்கள். மூன்றாவது தடவை அவர் வீட்டில் இல்லை என்றார்கள். செருப்பு வாசலில் கிடந்தது. போன வாரம், ஒரு டிரைவருக்காக நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று அவர் கேட்டார். அவருக்காக அல்ல, நான் அன்று வாய் திறக்காததற்காக என்றேன். அதற்குத் தன்னை ஏன் நடுத்தெருவில் நிறுத்தவேண்டும் என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்று வாயை மூடிக்கொண்டு, வேலப்பனை ஊதச் சொல்லும்படி அவரை அங்கே முதலில் நிறுத்தியது நான்தான்.

சித்திரையில் இரண்டு கல்யாணங்கள் இருக்கின்றன. நாளைக்கு மறுபடியும் போகிறேன்.