பெக்கிங் லிஸ்டில் ஒரு கண்ணாடி

அந்த மரப்பெட்டிக்கு ஆணி அடித்தபோது கொழும்பில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் எங்கள் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தில், கனடாக் கோயிலுக்குப் போகும் அம்மன் சிலையை வார்த்த ஸ்தபதியார் இருந்தார், வெள்ளவத்தையிலிருந்து முதலாளி வந்திருந்தார், தேங்காய் உடைக்கக் குருக்கள் நின்றார், சுமை தூக்கும் அண்ணன்மார் இருவர் நின்றார்கள், கடதாசிக் கோப்போடு நானும் நின்றேன். வராதவர் ஒருவர்தான்: தொல்பொருள் காரியாலயத்து மிஸ். அவர் வராமல் அந்தப் பெட்டியை மூடவே கூடாது என்பதுதான் சட்டம்.

நாட்டைவிட்டுப் போகிற எந்தச் சிலையும் பழம்பொருள் அல்ல என்று ஓர் அலுவலர் கண்ணால் பார்த்து, முன்முகத்தைப் படமெடுத்து, தன் முன்னாலேயே பெட்டியை மூடுவித்து முத்திரை வைக்க வேண்டும். மிஸ் தந்திருந்த நாள் செவ்வாய். நல்ல நேரமோ ஞாயிறு காலையில் இருந்தது; அன்றே மூடிவிட்டோம். 'பரிசோதனைக்குப் பின்னரே பெட்டி மூடப்பட்டது' என்ற உறுதிமொழியை நான் வெள்ளிக்கிழமையே தட்டெழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஜிந்துப்பிட்டியில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குப் படிவம் வந்தாலும் அம்மா அதை வாங்கி என்னிடம்தான் தருவார். அதனாலோ என்னவோ, கடதாசியில் எழுதியாகிவிட்டால் காரியமும் நடந்தது மாதிரித்தான் என்று ஒரு நம்பிக்கை அப்போது எனக்கு இருந்தது.

செவ்வாய் மதியம் ஒன்றரைக்கு மிஸ் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், சேலை, தோளில் ஒரு துணிப்பை. பெட்டியை ஒருமுறை சுற்றி வந்து ஆணிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு என் உறுதிமொழியை வாசித்தார்.

"இது யாரு சைன் பண்ணினது?"

"நான்தான் மிஸ்." பொய் உறுதிமொழி கொடுத்தால் வேலை போவது மட்டுமல்ல, சிறைக்கும் போக நேரலாம் என்பது எனக்குத் தெரியும். நான்கு மணிக்குச் சரக்கு ஏற்றுமிடத்தில் கொள்கலனை மூடிவிடுவார்கள். அதை விட்டால் அடுத்த கப்பலில் போய்ச் சேருவதற்குள் கனடாவில் கோயில் கும்பாபிஷேகம் முடிந்துவிடும்.

முதலாளி இடையில் புகுந்தார். "மிஸ், போன மாதம் வார்த்த புதுச் சிலை. ஸ்தபதியார் கடிதம் தந்திருக்கிறார். அதைப் பார்த்து ஒரு கையெழுத்து வச்சீங்கள் எண்டால்..."

"நான் கடிதத்துக்கு சைன் பண்ண வரல்ல மஹத்தயா. சிலைக்கு."

ஸ்தபதியார் அசையவில்லை. "பெட்டியைத் திறக்கலாம். முகத்துத் துணியை எடுக்க ஏலாது. இன்னும் கண் திறக்கேல்ல. அங்க போய் நான் திறக்கிற வரைக்கும் ஒருத்தரும் நேர பார்க்கக் கூடாது."

"நல்லது," என்றார் முதலாளி. "உங்கட துணியும் இவன்ர கையெழுத்தும் இங்க இருக்கட்டும். கப்பல் மட்டும் போகட்டும்!"

மிஸ் முதலாளியைக் கவனிக்கவில்லை. ஸ்தபதியாரிடம் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் கேட்டார்: "நேத்ரா தியலா நெத்த?" இன்னும் கண் வைக்கவில்லையா என்று. அவர் இல்லையென்று தலையசைத்தார். மிஸ் பெருமூச்சு விட்டு, தம்பியைக் கூப்பிடுவதுபோல என் பக்கம் திரும்பினார். "மல்லி, பெரிய கண்ணாடி ஒண்டு கொண்டு வாங்க. எங்க பன்சலயிலயும் புத்தர் சிலைக்குக் கண் வைக்கிறவர் நேர பாக்கிறதில்ல. கண்ணாடியிலதான் பாப்பார்."

பக்கத்துச் சலூனுக்கு ஓடினேன். சலூன் அண்ணன் ஒருவருக்குப் பாதித் தாடி வழித்திருந்தார். அம்மனுக்குக் கண்ணாடி வேண்டும் என்றேன். "ஏன், கனடா போறதுக்கு முந்தி தல வாரிக்கவா?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திச் சுவரிலிருந்து கழற்றித் தந்தார். "ஒடச்சிறாத தம்பி."

ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்ததும் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலைக்கு முதுகுகாட்டி, கண்ணாடியைத் தோளுக்கு மேலே பிடித்து நின்றார். ஸ்தபதியார் சிலையின் பின்னால் நின்றபடி, கைப்பழக்கத்தில் துணியை அவிழ்த்தார். துணி உராயும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நின்ற மூலையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தபோது, சிலை மிஸ்ஸுக்குப் பின்னால் மறைந்திருக்க, கண்ணாடியின் முதுகும் மிஸ்ஸின் முகமும்தான் தெரிந்தன. அந்த முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். அரச அலுவலர் ஒருவரின் முகத்தில் அப்படியொரு பணிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு கைபேசியைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் படமெடுத்தார். முகம் மூடிய பிறகு சிலையைச் சரிக்கச் சொல்லி, அடிப்பீடத்தில் புது வார்ப்பென்று காட்டும் அரம் ராவிய தடங்களை விரலால் தடவி, அளவெடுத்து எழுதினார். அறிக்கையின் கீழே ஒரு வரி சேர்த்தார்: முகம் கண்ணாடியில் பார்க்கப்பட்டது, படத்தில் வலக்கை இடக்கையாகத் தெரியும். அதன் கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

சட்டமோ நம்பிக்கையோ, இரண்டில் ஒன்றுக்காக அன்று யாராவது பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஒன்றையும் வளைக்கவில்லை. என் உறுதிமொழியை என்னிடமே நீட்டினார். "வெட்டிட்டு, நடந்தத எழுதுங்க." ஞாயிறு மூடப்பட்டது, செவ்வாய் திறந்து பரிசோதித்து மீண்டும் மூடப்பட்டது என்று எழுதினேன். நான் படித்த படிப்பு எதற்கு என்று அந்த வரியை எழுதும்போதுதான் விளங்கியது.

ஆணி அடிக்கப் போகையில் ஸ்தபதியார் கண்ணாடியை மிச்சத் துணியில் சுற்றினார். "முதல் முதல் முகம் விழுந்த கண்ணாடி. திருப்பிக் குடுக்க ஏலாது. அவவோடயே போகட்டும்."

முதலாளி தலையில் கைவைத்தார். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "போகலாம். ஆனா லிஸ்ட்ல இல்லாத சாமான் பெட்டிக்குள்ள போகாது."

பெக்கிங் லிஸ்டில் இரண்டாவது வரி தட்டினேன்: கண்ணாடி, ஒன்று, பாவித்தது. விலைக் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது. மறுபடியும் சலூனுக்கு ஓடினேன். அம்மனுக்கென்றால் சும்மா என்றார் அண்ணன். "சும்மா எண்டு எழுத ஏலாது அண்ணை," என்றேன். யோசித்து, புதிது ஒன்று வாங்கும் விலையைச் சொன்னார். முதலாளி எண்ணிக் கொடுத்தார். மிஸ் முத்திரை வைத்தார். லொறி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல நேரம் பார்த்து அவசரப்பட்டதற்கு எங்களுக்கு ஆன செலவு, நான் அந்தக் கட்டத்தில் தட்டிய தொகைதான்: ஆயிரத்து எண்ணூறு ரூபா.