தோள்பட்டைக்குள் வைத்த பஞ்சு

அந்தத் தெருவில் தையல்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் யாரும் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தொந்தி பெருத்தவர் அவர் கடைக்குள் போனால் கம்பீரமாக வெளியே வருவார். உடம்புகளைக் கடவுள் அவசரத்தில் தைத்துவிட்டார், பிரித்துச் சரிசெய்வது தன் பொறுப்பு என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அக்கா மகள் அவரிடம்தான் வளர்ந்தாள். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிவிட்டது, அம்மா போய்விட்டாள். பேச்சு வருவதற்கு முன்பே மாத்திரை வந்துவிட்டது. அந்த விஷயத்தில் மாமா படு கறார். வீடே தீப்பிடித்தாலும் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அவள் வெளியே ஓட வேண்டும். அந்தக் கறாரால்தான் அவள் பத்தாம் வகுப்பு வரை வந்து, கணக்கில் தோற்கும் பாக்கியத்தையும் பெற்றாள்.

அதற்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கைகால் குச்சியாகி நரம்பு தெரிந்தது, வயிறு மட்டும் முன்னால் வந்தது. வருஷக்கணக்காகச் சாப்பிடும் மருந்து கொழுப்பை ஓரிடத்தில் கரைத்து இன்னோரிடத்தில் சேர்க்கக்கூடும் என்று மாமாவுக்கு யார் சொன்னார்கள்? வேறு யாராவது என்றால் டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். இவர் அளவு நாடாவை எடுத்தார். சட்டைக் கைக்குள் விறைப்பான கேன்வாஸ் துணி, தோளில் பஞ்சு, இடுப்பில் சுருக்கு. கன்னத்தில் மட்டும் தையல் போட வழியில்லை. அங்கே உயரமான காலர் வைத்து ஒப்பேற்றினார்.

கொடுமை என்னவென்றால், பரிசோதனை நாளில்தான் இருப்பதிலேயே நல்ல உடுப்பு. நாலு பேர் பார்க்கிற இடமாயிற்றே! டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. காகிதத்தைப் பார்ப்பார், அலுத்தால் இன்னொரு காகிதத்தைப் பார்ப்பார். கையில் குறைந்தது வயிற்றில் கூடியதால் எடை அப்படியே இருந்தது. கிருமியும் அடக்கம். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பார். மாமா அதைத் தன் தையலுக்குக் கிடைத்த பாராட்டாக வாங்கிக்கொண்டு தலைகால் புரியாமல் வீடு திரும்புவார்.

பிறகு பள்ளிக்கூடம் விளையாட்டு உடுப்பு கொடுத்தது. மாமா கை படாத உடுப்பு. போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்ற அன்றே அவளுக்குத் தவளை என்று பெயர் விழுந்தது. வீட்டுக்கு வந்தவள் மாத்திரை டப்பாவைத் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"இனிமே இதைச் சாப்பிட மாட்டேன், மாமா."

மாமா கத்தினார், கெஞ்சினார், இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்துப் புதுக் கோட் தைத்துத் தருவதாகப் பேரம் பேசினார். மாத்திரையை விட்டால் கிருமி தலைதூக்கும், அக்கா போன வழியில் இவளும் போய்விடுவாள். அந்தப் பயத்தில் அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. ஆனாலும் தைத்தார், பாவம். வேறு என்ன தெரியும் அந்த மனிதருக்கு? புதுக் கோட்டோடுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

டாக்டரம்மா வழக்கம்போலக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து கோட்டைக் கழற்றி, அந்தக் காகிதங்களின்மேலேயே போட்டாள். உள்ளே கையில்லாத பனியன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது பழைய மருந்தின் வேலை, மாற்று மருந்து இருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பையும் சர்க்கரையையும் பார்த்துவிடலாம் என்றார். கரைந்தது முழுசாகத் திரும்பும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் மருந்தை மட்டும் விடவே கூடாது என்றார். மாற்றித் தந்தால் சாப்பிடுகிறேன் என்றாள் அவள். மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டரம்மா கோட்டை எடுத்துத் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இவ கையைப் பார்த்திருந்தா அப்பவே மாத்தியிருப்பேன். நானும் பார்க்கல, என் தப்புதான். ஆனா இப்படி மூடி மறைச்சுத் தைக்கச் சொன்னது யாரு?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் கேட்டேன், டாக்டர். மாமாவைத் திட்டாதீங்க."

அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் அவளை ஒருநாளும் கேட்டதில்லை.