எனக்குன்னு வச்சிருந்த நாற்பத்துமூணு இஞ்ச்

"அந்த மூலையில ஓடுதே, அது என்ன விலை?" என்று என்கூடப் படித்த விக்னேஷோட அப்பா கையை நீட்டினார். டிவி கடையில் வேலை பார்க்கிறவன், கஸ்டமர் ஒரு டிவியைக் காட்டினால் சந்தோஷப்படணும். நானோ, கடவுளே, இந்த ஆளுக்கு அது பிடிக்காமப் போகணும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிவி கடை. பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். டிவியைத் தூக்குவது, கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவது, ரிமோட்டைச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் வேலை. கடையில் காட்டுவதற்காக ஓடுகிற டிஸ்ப்ளே பீஸ்களைப் பொங்கல் வியாபாரம் முடிந்ததும் கடை ஆட்களுக்கே பாதி விலைக்குக் கொடுத்துவிடுவது முதலாளி வழக்கம். "மூலையில இருக்க நாப்பத்துமூணு உனக்குடா" என்று ஆயுத பூஜை அன்றைக்கே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது என் டிவி.

எங்கள் வீட்டில் இருப்பது கவர்மெண்ட் கொடுத்த பழைய பெட்டி டிவி. அதில் ஒரு பக்கம் பச்சை படிந்துவிட்டது. கிரிக்கெட் ஆடுகிறவன், கல்யாணப் பொண்ணு, செய்தி வாசிக்கிறவர், யாராக இருந்தாலும் பாதி முகம் பச்சைதான். அம்மாவுக்காக ஆசைப்பட்டேன், தங்கச்சிக்காக ஆசைப்பட்டேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். எனக்குத்தான் வேணும்.

தூக்கித் தூக்கி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். நகைக்கடையில் நிற்கிறவர்கள், பைக் ஷோரூமில் வண்டி துடைக்கிறவர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வீட்டைவிடப் பெரிசு

பாபநாசம் பக்கம் ஒரு ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா கட்டிய வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். நெல் போட்ட பணம் வந்ததும் அண்ணன் ஐம்பது இஞ்ச் வாங்கினார். நான்தான் போய் மாட்டினேன். டிரில் போட்ட சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்போல. மறுநாள் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே தம்பி வாசலில் நின்றார். "எங்கண்ணன் எடுத்தானே, அதுக்கு மேல என்ன இருக்கு?" ஐம்பத்தஞ்சு இருக்கு என்றேன். படம் எப்படி, சத்தம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதைக் கட்டு" என்றார்.

வீட்டுக்குப் போனால் இடம் இல்லை. பாகம் பிரித்ததில் தம்பிக்கு வந்த ஹால் குறுகல். அகலமாக இருந்தது நடுவில் எழுப்பிய அந்தச் சுவர் ஒன்றுதான். அதில் மாட்டலாம் என்றால், "அது பொதுச் செவுரு. நான் ஓட்டை போட்டா நாளைக்கே பஞ்சாயத்து வப்பான்" என்றார். மிச்சம் இருந்தது ஜன்னல். அதன் முன்னால் மேசையைப் போட்டு டிவியை நிறுத்தினோம். ஹால் இருட்டிப்போனது. எனக்கு அண்ணன் மேலும் பொறாமை, தம்பி மேலும் பொறாமை. வீம்பு பிடிக்கவாவது ஆளுக்கொரு டிவி வைத்திருக்கிறார்களே. காத்து வராதே சார் என்று கேட்டதற்குத் தம்பி சொன்னார்: "வராட்டிப் போவுது. அந்த ஜன்னலைத் தொறந்தா அவன் வீட்டு வாசல்தான் தெரியுது."

ஷாப் மோட்

கடையில் ஓடுகிற டிவி எல்லாமே ஷாப் மோடில் ஓடும். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும். ஆரஞ்சுப் பழத்தைக் காட்டினால் கண்ணில் வந்து குத்தும். நடுநடுவே டிவியே தன் பெருமையைக் கொட்டை எழுத்தில் படத்துக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளும். வெளிச்சத்தையோ சத்தத்தையோ நாம் குறைத்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாகப் பழையபடி ஏறிக்கொள்ளும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் நாற்பத்துமூணை எவனும் பார்த்துவிடக் கூடாதென்று, முதலாளி டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அதன் கலரை இறக்கி வைப்பேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அது மறுபடியும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும்.

வீட்டில் மாட்டும்போது ரிமோட்டில் ஹோம் மோடுக்கு மாற்றிவிடணும். அப்போதுதான் மனுஷன் உட்கார்ந்து பார்க்க முடியும். மாற்றினாலும் சண்டைதான். பேங்க்கில் வேலை பார்க்கிற ஒருத்தர் திரும்பி வந்து, "கடையில பளபளன்னு இருந்துச்சு, வீட்டுல அழுது வடியுது, வேற டிவியைக் கட்டிக் குடுத்துட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். எங்கள் சேல்ஸ்மேன் செந்தில் அண்ணன் அவரை முழுசாகப் பேசவிட்டுவிட்டுக் கேட்டார்: "சார், பொண்ணு பாக்கப் போனப்ப அவங்க போட்டிருந்த பவுடரை இன்னைக்கு வரைக்கும் அப்படியேவா போட்டிருக்காங்க?"

அஞ்சு பொட்டு

எங்கள் பக்கம் எது புதுசாக வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டார்கள். பைக்குக்குப் பொட்டு, பீரோவுக்குப் பொட்டு, மோட்டார் பம்புக்குப் பொட்டு. பெட்டி டிவி காலத்தில் அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. முன்னால் இருந்தது தடிமனான கண்ணாடி. இப்போது வருகிற டிவி அப்பளம் மாதிரி.

ஒரத்தநாடு பக்கம் ஒரு வீட்டில் ராகு காலம் வருவதற்குள் மாட்டியாகணும் என்று விரட்டினார்கள். அந்த மாடல் அன்றைக்குத்தான் கடைக்கு வந்திருந்தது. ஓரமே தெரியாத ஸ்கிரீன். பெட்டியைப் பிரிக்கும்போதே எனக்கு ஏக்கம். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தார். ஸ்கிரீன்ல வேணாம்மா, கீழ்ப்பட்டையில வைங்க என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு மூலைக்கும் நாலு வைத்தார். அஞ்சாவதை நட்டநடுவில், நிலைப்படிக்கு வைக்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து வைத்தார். டக்கென்று ஒரு சத்தம். ஆன் செய்தால் பொட்டு இருந்த இடத்தில் கறுப்பாக மை கொட்டினது போல ஒரு திட்டு, அதிலிருந்து நாலு பக்கமும் கோடு.

மனுஷன் கை பட்டு உடைந்தால் கம்பெனி மாற்றித் தராது என்று அந்த வீட்டு ஐயாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா கையில் சந்தனக் கிண்ணத்தோடு என்னையே முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள நுழைஞ்சதுலேர்ந்து வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு நின்னியே தம்பி, உன் கண்ணுதான்."

தேங்காய்க்கு அறுபத்தஞ்சு

பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் மாடி வீடு. பிள்ளைகள் எல்லாரும் கனடாவில், கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு. சோபாவில் கவர்கூடப் பிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு அறுபத்தஞ்சு இஞ்ச். மாட்டி முடிப்பதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது. இவ்வளவு பெரிய டிவியை யாருமே பார்க்கப்போவதில்லை என்று நினைக்க நினைக்க ஆத்திரம். ஒரு வருஷத்துக்கு எங்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸ் அன்று தருகிறேன் என்று கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. அதைக் கேட்காமல், யாரு சார் பாப்பாங்க என்று மட்டும் கேட்டேன். வீட்டுக்காரர் சூசை சார் சாவதானமாகச் சொன்னார்: "பாக்குறதுக்கு இல்ல தம்பி, உள்ள ஆள் இருக்காப்ல சத்தம் கேக்கணும், தேங்கா களவு போவுது."

விக்னேஷ் வீட்டு ஹால்

இப்போது மூலைக்கு வருவோம். விக்னேஷும் நானும் ஸ்கூலில் ஒரே பெஞ்ச். அவன் திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். அப்பாவோடு கடைக்கு வந்தவன் கையில் புது போன். அதைப் பார்த்து வயிறெரிந்து முடிப்பதற்குள் அவன் அப்பா என் டிவியைக் காட்டிவிட்டார். பொங்கல் நெருங்கிவிட்டதால் குடோனில் அந்த மாடல் ஒன்றுகூட இல்லை. முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "நல்லா தொடைச்சு அட்டைப் பெட்டியில போடு. கேட்டா புதுசுன்னு சொல்லு. உனக்கு அடுத்த பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த பொங்கலாம்.

நேராக விக்னேஷ் அப்பாவிடம் போனேன். "சார், இது டிஸ்ப்ளே பீஸ். ஆயுத பூஜையிலேர்ந்து கடை தொறந்து சாத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே கெடக்கு. உங்களுக்கு இது வேணாம்" என்றேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான வயிற்றெரிச்சல். ஆனால் அவர் நேர்மை என்றுதான் நினைத்தார். கண் கலங்காத குறைதான். "இப்படி ஒரு பையன் இருக்கற கடையை விட்டுட்டு வேற எங்கங்க போய் வாங்குறது?" என்று முதலாளியிடம் திரும்பியவர், டிஸ்ப்ளே பீஸ்தானே, குறைச்சுப் போடுங்க என்று பேசிப் பேசி அதையே எடுத்துக்கொண்டார். என் டிவி, எனக்குச் சொன்ன அதே பாதி விலைக்கு. முதலாளி என்னைத் திட்டக்கூட இல்லை. நீயே கொண்டுபோய் மாட்டு என்று வண்டியில் ஏற்றிவிட்டார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

அவர்கள் ஹாலில் சுவர் நல்ல அகலம். அதுவும் எரிச்சல். நான் ஸ்டூலில் நிற்க, விக்னேஷ் சோபாவில் படுத்துக்கொண்டு, "லெஃப்ட்ல கொஞ்சம் ஏத்து மச்சான்" என்றான். ஆன் செய்ததும் ஹாலே வெளுத்துப்போனது. அவன் அம்மா காபியை என் கையில் கொடுத்துவிட்டு, சத்தம் காதைப் பொளக்குதுப்பா என்று ரிமோட்டில் இறக்கினார். இறக்கட்டும், எவ்வளவு நேரத்துக்கு? காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டிரில்லை எடுத்துப் பையில் போட்டேன். விக்னேஷ் அப்பா என் தோளில் கையைப் போட்டு அவனிடம் சொன்னார்: "இவன்கிட்ட கத்துக்கடா. கடையில எப்படி இருந்துச்சோ, அப்படியே கொண்டாந்து மாட்டிக் குடுத்திருக்கான் பாரு."

போனதும் முதல் வேலையா ஷாப் மோடை எடுத்துடுடா என்று முதலாளி வண்டி வரைக்கும் வந்து சொல்லித்தான் அனுப்பினார், எடுக்கவில்லை.