மணி அடிப்பதற்கு முன்

வாயோரம் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, ஏணி மேல் இருந்தபடியே கேட்பார்: "ஏங்க, இந்தப் பள்ளிக்கூடம் எதுக்குங்க?"

பள்ளிகளில் மின்சார மணி பழுதுபார்ப்பது அவர் தொழில். பெல்லக்கா என்றால்தான் ஆள் தெரியும். கேள்வியில் குத்தல் இருக்காது. கம்பியில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம்தான். "புள்ளைங்கள வீட்ல விட்டா கூரையைப் பிச்சிடுங்கம்மா" என்றார் ஒரு காவலாளி. "அப்புறம் நாங்க எப்படி வேலைக்கு வர்றதாம்?" என்றாள் கூட்டுகிற பெண். ஒரு தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலைல கேட்டைத் திறந்தா பூட்டற வரைக்கும் யோசிக்க நேரமே இல்லம்மா. நீ கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு." பெல்லக்காவுக்கு ரொம்பப் பிடித்த பதில் அதுதான்.

கேள்வி அவருடையதல்ல, எட்டு வயது மகளுடையது. தினமும் பள்ளிக்கு அழைத்துப்போன தாத்தா இறந்தபின் அவள் போகவில்லை. அழுகையில்லை, அடமில்லை. "எதுக்குன்னு சொல்லு, போறேன்."

படித்தால் பெரிய ஆளாகலாம் என்று எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். பெல்லக்காவால் முடியவில்லை. சோதிக்காத இணைப்புக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. "உனக்குப் பதில் கிடைக்கிறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாண வயசே வந்துடும்டி" என்று அவருடைய அம்மா கரித்துக்கொட்டினார். இன்னும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று பள்ளியும் சொல்லிவிட்டது.

அந்தத் தாத்தா, பெல்லக்காவின் அப்பா, ஆசிரியர். "கை தூக்கிட்டுப் பேசு" என்று ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் சொன்னவர். மருத்துவமனையில் அவருடைய கடைசி வாரம். மருந்து வாங்கித் திரும்பிய பெல்லக்கா வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா வலது கையை உயர்த்தியபடி படுத்திருந்தார். நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"தண்ணி."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"வேலையா இருக்காங்கல்ல. திரும்பினா பார்ப்பாங்க."

உதடு வெடித்திருந்தது. அந்தக் கை எவ்வளவு நேரமாக உயர்ந்திருந்தது என்று தெரியாது. அதை உயர்த்தியது பள்ளிக்கூடம் பழக்கிய பண்பா, பயமா என்றும் தெரியாது. மகளின் கேள்வியோடு அதையும் சேர்த்துத்தான் ஏணி ஏணியாக ஏறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மகளின் பள்ளியிலேயே மணி கெட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு போனார். "அம்மா முடிக்கிற வரைக்கும் உள்ள வந்து உக்காரு. பை இல்லாட்டி என்ன?" என்றார் வகுப்பாசிரியர்.

"சும்மா வேடிக்கை பார்க்கத்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள் மகள்.

மணிப்பெட்டி வராந்தாவில், அந்த வகுப்பின் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. பழுது சின்னதுதான். நேரம் வந்ததும் ஒன்றையொன்று தொட்டு மணியை அடிக்கவைக்கும் இரண்டு செம்புத் தகடுகளில் கரி பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். பாடவேளை முடியும்போது மணி தானாக அடிக்கிறதா என்று பார்த்துவிட்டால் கிளம்பலாம். மூடியைத் திறந்துவைத்தபடி காத்து நின்றார்.

உள்ளே ஆசிரியர் கரும்பலகையில் முழு நிலாவை வரைந்தார். பக்கத்தில் பாதி நிலா. அதற்கடுத்து ஒரு கீற்று. கடைசி பெஞ்சில் மகள் நெற்றியைச் சுருக்கினாள். பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

மகள் கையைத் தூக்கினாள்.

ஆசிரியர் திரும்பவில்லை, இன்னொரு கீற்றை வரைந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. மேல் தகடு மெல்லக் கீழிறங்கியது.

பெல்லக்கா கையிலிருந்த உப்புத்தாளை மடித்து இரண்டு தகடுகளுக்கும் நடுவே செருகினார். ஆசிரியர் திரும்பும்வரை, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.