நிறைந்த பையிலிருந்து எடுத்த காபன்

1. இரண்டு வாளி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் முன்னால் இரண்டு வாளி கறுப்புக் குறுணலை வைத்தார்கள். "இதில எது புதுசு, எது பழசு?" என்று கேட்டவர் சிவம் அண்ணை, எங்கள் சுப்பவைசர். நான் ஊரில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்த மிதப்பில் மோந்து பார்த்தேன், விரலால் உரசிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு இடது பக்க வாளிதான் புதுசு என்று காட்டினேன்.

"ரெண்டும் பழசு," என்றார். "உன்ர பட்டத்தை லொக்கருக்குள்ள வைச்சிட்டு வா."

எங்கள் கொம்பனி நகரத்தின் ஒரு மூலையில், ரெக்ஸ்டேலில் இருக்கிறது. தண்ணீர் வடிக்கும் ராங்கிகளில், அதாவது தொட்டிகளில், காபன் மாற்றுவதுதான் தொழில். காபன் என்பது பெரிய விசயமில்லை, தேங்காய்ச் சிரட்டைக் கரிதான், பதப்படுத்திக் குறுணலாக்கியது. கோப்பிக் கடையில் அது தண்ணீரிலுள்ள குளோரின் மணத்தைப் பிடிக்கும். ஃபக்டரியில், இரும்புச் சாமான்களின் கிரீஸ் கழுவப் பாவிக்கும் கெமிக்கலைப் பிடிக்கும். பிடித்துப் பிடித்து நிறைந்ததும் நாங்கள் போய் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதைக் கொட்டுவோம். கோப்பிக் கடைக் காபனும் ஃபக்டரிக் காபனும் பார்வைக்கு அண்ணன் தம்பி.

புதுக் காபன் வெள்ளைப் பையில் வரும். அதை ராங்கிக்குள் கொட்டிய பிறகு, வெறும் பையில் பழையதை நிரப்பித் திருப்பிக் கொண்டுவருவோம். பையின் வெளியே "தேங்காய்ச் சிரட்டை, குடிநீருக்கு உகந்தது" என்று ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்திருக்கும். அதனால் ஒரேயொரு சட்டம்: பழையதை நிரப்ப முதல் அந்த எழுத்தின் மேல் சிவப்பு ஸ்பிறேயால் பெரிய கீறு போடவேண்டும்.

பதினொரு வருடம் கீறு போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒஷாவாவில் ஒரு ஃபக்டரியில் ஸ்பிறே முடிந்துவிட்டது. பையின் வாயைச் சிவப்புக் கயிற்றால் கட்டினேன். இனி இதுதான் அடையாளம் என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. திரும்பி வருவதற்குள் டிப்போவைப் பூட்டிவிட்டார்கள். பையோடு கொம்பனி வானை வீட்டு ட்றைவ்வேயில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

2. கைவேலை

யோகன் என் மனைவியின் தம்பி. ஒரு பெரிய பேக்கரியில் வேலை. சீனியும் ஈஸ்ற்றும் கையில் கிடக்கும்போது மனிதனுக்கு யோசனை வருவது இயற்கை. தன் பேஸ்மென்றில், வோஷிங் மெஷினுக்குப் பின்னால், கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் வடிக்கத் தொடங்கியிருந்தான். வடித்ததில் பழைய சப்பாத்து மணம் வந்ததாம்.

"அத்தான், கடையில ஃபில்ரர் செற் விக்கிற விலைக்கு நான் ஒரு பெட்டி விஸ்கி வாங்கலாம்," என்றான் சனிக்கிழமை காலை.

"அப்ப விஸ்கியை வாங்கன்."

"அது கடைச் சாமான். இது கைவேலை."

சோடாப் போத்தல்கள் இரண்டின் அடியை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, கோப்பி வடிக்கும் தாளும் தன் கலியாண வேட்டியில் ஒரு துண்டும் வைத்து ஃபில்ரர் செய்திருந்தான். காபன் மட்டும்தான் குறை. லைசென்ஸ் இல்லாமல் வடிப்பது இந்த நாட்டில் குற்றம் என்று அவனுக்குச் சொன்னேன். காபன் மணத்தை எடுக்குமே தவிர, பிழையாக வடித்ததிலுள்ள நஞ்சை எடுக்காது என்றும் சொன்னேன். இரண்டையும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சொன்னேன். அதே மூச்சில், "வானுக்குப் பின்னால கிடக்கு. சிரட்டைக் காபன் எண்டு பையில எழுதியிருக்கும். கொஞ்சம் அள்ளு," என்றும் சொன்னேன்.

வானில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று பாதி மீதமிருந்த புதுக் காபன், வாய் திறந்தபடி. மற்றது ஒஷாவாவில் நிரப்பிய பழையது. இரண்டிலும் ஒரே எழுத்து. நான் சோபாவிலிருந்து எழும்பியிருந்தால் இந்தக் குறிப்பை எழுதவேண்டி வந்திராது. அப்போது கடைசி ஐந்து ஓவர் போய்க்கொண்டிருந்தது.

3. டிக்கி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல். பூங்காவில் ஒரு பக்கம் ஆட்டிறைச்சி வாட்டினார்கள், ஒரு பக்கம் கரண்டியில் தேசிக்காய் ஏந்திப் பிள்ளைகளின் ஓட்டம். ஆம்பிளைகள், வழக்கம்போல, பார்க்கிங் லொட்டில் ஒரு கார் டிக்கியைச் சுற்றிக் குடிக்க நின்றார்கள். அன்றைய டிக்கி யோகனுடையது.

மடக்குக் கதிரை எடுக்க என் வானைத் திறந்தேன். புதுக் காபன் பை வெள்ளிக்கிழமை விட்டபடியே இருந்தது. ஒஷாவாப் பையில் கால்வாசி இல்லை. யோகன் ஒழுங்கானவன். எடுத்துவிட்டுச் சிவப்புக் கயிற்றைத் திரும்ப வடிவாக முடிச்சுப் போட்டிருந்தான்.

எனக்கு முதலில் விளங்கியது என் படிப்புத்தான். அந்தக் கெமிக்கல் தண்ணீர் ஓடும்போது காபனைப் பிடித்துக்கொண்டிருக்கும். மதுசாரம் ஓடினால் கழன்று அதோடு சேர்ந்து வந்துவிடும். எத்தனை தரம் கொதிநீரில் கழுவினாலும், கசிப்பு ஊற்றும்போதுதான் உண்மையாகவே கழுவப்படும். பட்டம் எடுத்ததற்குப் பிறகு அது எனக்குப் பயன்பட்ட ஒரே நிமிடம் அது. கதிரையைப் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன்.

"எந்தப் பையில எடுத்தனி?"

"நிறைஞ்சதில அத்தான். குறைஞ்சதில எடுத்தா உங்களுக்குப் போதாமப் போயிடுமெண்டு யோசிச்சன்."

டிக்கியைச் சுற்றி ஐந்து பேர். கப்புகள் நிறைந்திருந்தன, ஒருவரும் இன்னும் வாயில் வைக்கவில்லை. சங்கத் தலைவர் குணம் அங்கிள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயது, இருதயக் குளிசை போடுகிறவர். டிக்கி என்றாலும் அவர் இரண்டு வார்த்தை பேசித்தான் தொடங்குவது.

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொன்னால் கொம்பனிக் காபன், கொம்பனி வான், போடாத கீறு எல்லாம் வெளியே வரும். வேலை போகும். குடிக்க விடாமலும் தடுக்கவேண்டும், என் பேரும் வரக்கூடாது. மூளை ஒரு வழி கண்டுபிடித்தது.

"பொலிஸ் வருது," என்றேன்.

மூன்று பேர் கப்பைப் புல்லில் ஊற்றினார்கள். யோகன் மடமடவென்று குடித்துவிட்டான். குணம் அங்கிள் வாழ்க்கையில் எதையும் வீணாக்கியவர் இல்லை. ஒரே இழுவையில் முடித்துவிட்டுக் கப்பைக் கசக்கிப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

அவர் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"எங்கை பொலிஸ்?" என்று அங்கிள் கேட்டார்.

"பொலிஸ் இல்லை அங்கிள். உது நஞ்சு. ஃபக்டரிக் காபனில வடிச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். இருபது வருடம் டிக்கியடிகளில் நான் பகிடி விட்டுச் சேர்த்த பெயர் அப்படி. "தன்ர பங்கு குறைஞ்சிடுமெண்டு உவன் விடுற புளுகு," என்றார் ஒருவர். அங்கிள் பொக்கற்றிலிருந்த கப்பை எடுத்து நிமிர்த்தி, "யோகன், இன்னும் கொஞ்சம் விடு," என்று நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. நான் அழுதுகொண்டிருந்ததாகப் பிறகு மனைவி சொன்னாள்.

4. மூன்றாவது பெயர்

அம்புலன்ஸ் வந்தது. எமேர்ஜென்சியில் டொக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: அந்தக் காபனுக்குள் என்ன இருந்தது? எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் சிவம் அண்ணை. அவரை அழைத்தேன்.

"அண்ணை, நான் பையில கீறு போடேல்லை..."

"எந்த ஃபக்டரி?"

"ஒஷாவா. நான் ஸ்பிறே முடிஞ்சு..."

"எத்தினையாம் ராங்கி? எத்தினை பேர் குடிச்சவை?"

"ரெண்டாம் ராங்கி. ரெண்டு பேர். அண்ணை, என்னை..."

"உன்னை நாளைக்குப் பேசுறன். இப்ப எழுது."

அவர் ஃபக்டரி கெமிக்கல் பட்டியலை வாசித்தார், நான் டொக்டருக்கு எழுத்துக் கூட்டினேன். முதல் இரண்டு பெயருக்கும் டொக்டர் தலையாட்டினார். மூன்றாவதற்குப் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய், அங்கிளின் நெஞ்சில் வயர்களைப் பூட்டச் சொன்னார். அது இருதயத்தின் துடிப்பைக் குழப்பக்கூடியதாம்.

ஒரு மணித்தியாலத்தில் அது குழம்பத் தொடங்கியது. திரையில் கோடு துள்ளுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பக்கத்தில் அவருடைய மனைவி நின்றா. "வெயில் கூடிப்போச்சுப் போல, என்ன தம்பி?" என்று கேட்டா. அந்த நேரத்திலும் நான், "ஓம் அன்ரி," என்றேன். என்னைப் பற்றி நான் எழுதக்கூடிய மிக மோசமான வசனம் இது.

பிறகு அவவுக்கும் உண்மையைச் சொன்னேன். அவ என்னைவிட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றா.

யோகன் விடியும்வரை சத்தி எடுத்து வயிற்றைக் காலியாக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். அங்கிளை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். துடிப்பு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

திங்கட்கிழமை சிவம் அண்ணை என்னை இருத்தி, நடந்ததை முழுவதும் எழுதச் சொன்னார். வாசித்துவிட்டு, "ஸ்பிறே முடிஞ்சா வேலையை நிப்பாட்டு. உதைத்தான் மற்றவங்களுக்குச் சொல்லப்போறன், உன்ர பேரோட," என்றார். ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். வேலை போகவில்லை. எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ, அது உண்மையைச் சொல்லியிருந்தாலும் போயிருக்காது.

செவ்வாய்க்கிழமை அங்கிளை நான்தான் மனைவியின் காரில் வீட்டுக்கு ஏற்றிப்போனேன். வேறு ஆளை அனுப்பு என்று அன்ரி சொல்லியிருந்தா. அங்கிள்தான் நான் வரட்டும் என்றாராம். பாதி வழி போயிருப்போம். பிறகு, கோபமில்லாமல், கூட்டத்தில் ஒரு விளக்கம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"தம்பி, பொலிஸ் எண்டு சொன்னபடியால்தானே நான் அவசரமாக் குடிச்சனான். நஞ்சு எண்டு முதலே சொல்லியிருந்தா, கப்பைக் கீழ வைச்சிருப்பனே. ஏன் சொல்லேல்லை?"

சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. காரை நிறுத்தினேன். பதினொரு வருடத்தில் இந்தத் தொழில் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: உள்ளே இருப்பதை வெளியே எழுதிவைக்கவேண்டும்.

"எனக்கு வேலை போயிடும் எண்டு பயந்தனான், அங்கிள்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ம்," என்றார். விளக்கு பச்சையாகும்வரை இருவரும் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.