அக்கா கேட்ட ஓய்வு

2008, பங்குனி: அக்காவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. இதயம் தளர்ந்திருப்பதாகவும், மருந்தும் முழு ஓய்வும் போதும் என்றும் விருத்தாசலத்து மருத்துவர் கூறினார்.
சித்திரை: புதுச்சேரியில் வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அவரும் அதையே கூறினார்.
வைகாசி: சென்னைக்கு அழைத்துச் சென்றேன்.
ஆனி: திரும்பும் வழியில், உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும், காரின் பின்னிருக்கையில் அக்காவின் உயிர் பிரிந்தது.

அக்கா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். அத்தான் மறைந்தபின், விருத்தாசலத்தில் அவர் விட்டுச்சென்ற செராமிக் பட்டறையைத் தனியாக நடத்தினார். சூளையை அணைத்தபின் அது தானாக ஆறும்வரை கதவைத் திறக்க விடமாட்டார்; சூட்டோடு திறந்தால் உள்ளே இருப்பவை விரிசல் விட்டுவிடும். வியாபாரி வாசலில் நின்று கத்தினாலும் சரி. அந்நாள்களில் தொழிலாளர்களுக்கு விடுப்பு. தாமும் பாய் விரித்துப் படுத்துவிடுவார். "சூளையோட சேத்து மொதலாளியம்மாவுக்கும் சூடு எறங்குது" என்று கேலி செய்வார்கள்.

என் மனைவி இறந்தபோது, உடனே கல்லூரிக்குக் கிளம்பிய என்னைத் தடுத்துத் தம் வீட்டில் இருத்திக்கொண்டார். பேராசிரியனாகிய நான் பகலில் படுத்திருக்க வெட்கினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "தம்பி தூங்குது, எழுப்ப மாட்டேன். டீ குடிச்சிட்டுப் போங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். அந்த ஓய்வுதான் என்னை மீட்டது.

அதை அறிந்த நானே அவரை ஊர் ஊராக அலைக்கழித்தேன். அக்காவின் மகள் தடுத்தாள்: "மாமா, அம்மாவால முடியல. வூட்லயே இருக்கட்டுங்க."

"சும்மா படுக்க வச்சிருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றேன்.

அந்த நாலு பேர், அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள். உங்கள் கண்ணில் கடமை தவறாதவனாகத் தெரியவேண்டும் என்று எண்ணினேன். எழுதக் கூசுகிறது.

சென்னைக்குப் புறப்பட்ட காலையில் அக்கா சிரித்தபடியே சொன்னார்: "ஏண்டா, வெந்துச்சா வெந்துச்சான்னு என்னைத் தொறந்து தொறந்து பாக்கிற? கொஞ்சம் ஆற வுடுடா. நீயும் பக்கத்துல உக்காரு."

"நேரமாவுது, பெட்டிய எடுங்க" என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

வழியெல்லாம் அக்காவின் தலையை மடியில் தாங்கிவந்த மகளுக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து இறுதிச் சடங்குவரை நின்ற தொழிலாளர்களுக்கும், எங்கள் துயரில் பங்குகொண்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி உரியது.

நான் செய்யாமல் விட்டவை:

ஒரு மாலை பழமலைநாதர் கோயில் பிராகாரத்தில் காற்றாட இருக்கவேண்டும் என்றார், அழைத்துச் செல்லவில்லை.
அவர் பக்கத்தில் உட்காரவில்லை.
அவள் சொன்னதே சரி என்று அக்காவின் மகளிடம் இன்னும் நேரில் சொல்லவில்லை.